சிவப்புக்காய்க்கு மூன்றா, ஐந்தா?

சிலாபத்திலிருந்து வடக்கே முந்தல், மதுரங்குளி எனச் சென்று, பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பிக் கற்பிட்டி முனைவரை நீளும் கரையோரத்தில், சோளகக் காற்று வீசும் மாதங்கள் தொழில் குன்றிய மாதங்களாகும். அப்போது மேற்குக் கடல் கொந்தளித்திருக்கும். மீனவரில் ஒரு பகுதியினர் வலைகளை ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவு, திருகோணமலை முதலிய கீழ்க்கரைகளுக்குப் பெயர்ந்து, வாடியமைத்துத் தங்குவர். ஊரில் எஞ்சியோர்க்கு மாலைப்பொழுது மிக நீண்டது. அதனைக் கழிக்க அவர்களுக்கு வாய்த்த துணைகளுள் ஒன்று கரம் பலகை. ஒரு மின்குமிழ், ஒரு டப்பா பவுடர், நான்கு ஆட்டக்காரர், அவர்களுக்குப் புத்தி கூற ஒரு பன்னிருவர், இவ்வளவே வேண்டுவது. (புத்தி கூறுவோர் ஆடுவோரினும் வல்லவர் என்பது எவ்வூரிலும் உள்ள வழக்கம்தானே!)

பலகையைச் சுற்றி அமர்ந்தோர் அனைவரும் ஓரூரார் எனின் ஆட்டம் உடனே தொடங்கிவிடும். அயலூரார் ஒருவர் அமர்ந்துவிட்டாலோ, முதலடி விழுமுன் ஒரு சிறு மாநாடே நடைபெறும். சிவப்புக்காய்க்கு மூன்று புள்ளியா, ஐந்தா? பெருவிரலால் அடிக்கலாமா, ஆகாதா? ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் புள்ளியைக் கழிப்பதா, காயைத் திரும்ப வைப்பதா? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே பவுடர் தூவப்படும். இம்மாநாட்டை வெறும் வேடிக்கையாக நாம் கருதுவதில்லை. ஆட்டவிதி மாறும்போது ஆடுவோர் ஏன் முகஞ்சுளிக்கின்றனர், எதனை இழந்ததாக எண்ணுகின்றனர் என்பதை அறிய இதனினும் ஏற்ற இடம் கிடைப்பது அரிது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பலகையில் வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று, ஆகப் பத்தொன்பது காய்கள். வீடுகளிலும் கொட்டில்களிலும் பெரிதும் வழங்குவது புள்ளியாட்டம். வெள்ளைக்கு 20, கறுப்புக்கு 10, சிவப்புக்கு 50 என எண்ணுவோர் பலர். யாவற்றையும் கூட்டினால் 320. எந்த நிறக்காயை எவர் குழியில் போட்டாலும் அவருக்கே புள்ளி. ஆகவே கண்ணுக்கு எளிதாகத் தோன்றும் காயை அடிப்பதே இங்கு அறிவுடைமை. குழந்தைகளும் விருந்தினரும் உடனே கலந்துகொள்ளலாம். அதுவே இம்முறையின் சிறப்பு.

1988 இல் சென்னையில் அமைக்கப்பெற்ற சர்வதேசக் கரம் சம்மேளனத்தின் விதியோ முற்றிலும் வேறானது. முதலடி அடிப்பவர்க்கு வெள்ளை, எதிரிக்குக் கறுப்பு. தம் ஒன்பது காய்களையும் முதலிற் போட்டு முடித்தவர் அந்தப் பலகையை வென்றவர். எதிரியின் காய்கள் எத்தனை எஞ்சி நிற்கின்றனவோ அத்தனை புள்ளி அவருக்கு. சிவப்பைப் போட்டு, அதற்குக் 'கவர்' ஆகத் தம் காயொன்றையும் போட்டவரே பலகையையும் வென்றாராயின், மேலும் மூன்று புள்ளி. இவ்வாறு 25 புள்ளியை முதலில் எட்டியவரோ, எட்டுப் பலகைகளின் முடிவில் முன்னிற்பவரோ வெற்றி பெற்றவராவர். இன்னுமொரு விதி உண்டு: 22 புள்ளியை எட்டிவிட்டவர்க்கு, அதற்குமேல் சிவப்பினால் ஒரு புள்ளியும் சேராது.

சிவப்புக்கு ஐந்து என்று பழகியவர்க்கு இந்த மூன்று கசக்கின்றது. ஆட்டத்தின் அழகையே குறைத்துவிட்டார்கள் என்பது அவர்தம் குறை. மாணாக்கர் தாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிவப்புக்கு ஐந்து எனின் ஒரு பலகையில் பெறத்தக்க உச்சம் 14. மூன்று எனின் 12. இரு பலகைகளை முழுமையாக வென்றால் முன்னதில் 28, பின்னதில் 24. 25 ஐ எட்ட முன்னதில் இரண்டு பலகைகளேனும், பின்னதில் மூன்று பலகைகளேனும் வேண்டும். ஆயினும் ஆட்டத்தின் நீளம் மாறுவது ஒரு பலகையளவே. பெரிதும் மாறுவது ஆடுபவர் மனத்திலுள்ள ஆசையே. ஐந்து புள்ளிக்காகத் தம் காய்களை மறந்து சிவப்பின் பின்னால் ஓடியவர், மூன்று என்றதும் ஒரு கணம் நின்று யோசிக்கின்றார். அந்த ஒரு கணத்தையே பழைய ஆட்டக்காரர் 'அழகு போயிற்று' என்கின்றனர்.

இருபத்திரண்டாம் புள்ளி விதியைப் பற்றிய முறைப்பாடு இதனினும் கடுமையானது. முன்னேறியவனைத் தண்டிப்பது எங்ஙனம் நீதியாகும் என்று கேட்கின்றனர். நம் கருத்தில் இவ்விதி நல்ல விதியே. 22 இல் நிற்பவர் சிவப்பை அலட்சியம் செய்ய இயலாது. தமக்குப் பயனில்லையெனினும் எதிரிக்கு அந்த மூன்று போய்விடாமல் தாமே அதனைப் போட வேண்டும். பயனில்லாப் பொருளுக்காகப் பாடுபட வேண்டிய இந்நிலை ஆட்டத்தின் கடைசிக் கட்டத்துக்கு ஒரு புதுச் சுவையை ஊட்டுகின்றது. பின்தங்கியவர்க்கும் நம்பிக்கை அற்றுப்போவதில்லை.

இது வெறும் சுவை பற்றிய வாதமாயின் பத்திரிகையில் எழுத வேண்டியதில்லை. புள்ளியாட்டத்தில் வளர்ந்த சிறுவன் ஒருவன் சர்வதேச விதியில் நடைபெறும் போட்டிக்கு முதன்முறை செல்கிறான் என வைத்துக்கொள்வோம். அவன் கை கூர்மையானது, குறி தவறுவதில்லை. ஆயின் எளிதாகக் கிடந்த கறுப்பைக் கண்டதும் அவன் விரல் தானே சுண்டிவிடுகின்றது. அக்காய் எதிரியின் காய்! எதிரிக்கு ஒரு வேலை மிச்சம். இவனுக்கு முறையும் போயிற்று. எதிரியின் வழியைத் தன் காயால் மறைத்து வைப்பது, கைக்கெட்டும் காயைப் பின்னுக்கென விட்டுவைத்து அரிய காயை முதலில் தீர்ப்பது ஆகிய நுட்பங்களை அவன் அறியான். புள்ளியாட்டத்தில் அவற்றுக்கு இடமே இல்லை. பெருவிரல் அடி பிழை என்று சொல்லி வளர்த்த வீட்டிலிருந்து வந்தவனாயின், எதிரி பெருவிரலால் அடித்துக் காயைப் போடும்போது நடுவரை நோக்குகிறான். நடுவர் பேசாதிருக்கிறார், சர்வதேச விதி பெருவிரலை அனுமதிக்கின்றது. இச்சிறுவன் தோற்று வீடு திரும்புகையில், தனக்குத் திறமையில்லை என்று எண்ணிக்கொண்டே திரும்புகிறான். இதுதான் நம்மை வருத்துவது.

பலகையையும் காயையும் பற்றிய விதிகளும் உள. ஆடும் பரப்பின் பக்கம் 73.5 முதல் 74 சென்ரிமீற்றர். காயின் நிறை 5 முதல் 5.5 கிராம், ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேற்படலாகாது. கடற்கரையின் உப்பு ஈரம் ஏறிய பலகையோ காயை இழுத்துப் பிடிக்கும். அதற்கென்றே கனத்த ஸ்ட்ரைக்கரை நாடுவோர் உண்டு. அதனைக் கொண்டு பழகிய விரலுக்குப் பதினைந்து கிராம், கையில் ஒன்றுமில்லாதது போலிருக்கும்.

ஆக, விதி மாறும்போது ஆடுபவரிடமிருந்து பறிபோவது பல ஆண்டு காலம் விரலில் சேமித்து வைத்த பழக்கம். அதனோடு இன்னொன்றும் போகின்றது. எழுதிய சட்டம் இல்லாத ஆட்டத்துக்கு ஒவ்வோர் ஊரிலும் முதியவர் ஒருவரே நீதிமன்றம். பிணக்கு எழும்போது அனைவரும் அவர் முகத்தையே நோக்குவர். அச்சிட்ட விதித்தாளைச் சட்டைப்பையிலிருந்து ஓர் இளைஞன் எடுத்து நீட்டிய அன்றே அந்நீதிமன்றம் கலைந்துவிடுகின்றது. பெரியவர் அன்று மாலை 'மூன்று' என்பதை ஏற்க மறுப்பாராயின், அவர் எதனைக் காக்கின்றார் என்பதை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

புத்தளம் கரையோரத்துக்கு இவ்விடயத்தில் ஒரு தனி வரலாறும் உண்டு. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களுள் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தையே வந்தடைந்தனர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் ஓலைக் கொட்டில்களில் ஒருவர்க்கொருவர் அயலாராயினர். நிலம், நீர், தொழில், பாடசாலை ஆகிய பெருங்கவலைகளுக்கு நடுவே ஆட்டவிதி பற்றிய பிணக்கு மிகச் சிறியது. ஆயினும் வீட்டையும் ஊரையும் விட்டு வந்த ஒருவர், பலகையின் முன் அமர்ந்து, "எங்கள் ஊரில் இப்படித்தான் எண்ணுவோம்" என்று சொல்வாராயின், அச்சொல்லில் ஓர் ஊரே அடங்கியிருக்கின்றது. அவர் ஊரிலிருந்து அவரால் கொண்டுவர முடிந்த சிலவற்றுள் அதுவும் ஒன்று. அதனை விட்டுக்கொடு என்று கேட்பவர் சற்று மென்மையாகவே கேட்க வேண்டும்.

கரத்தைப் போலவே ஈழத்தமிழர் வீடுகளில் வழங்குவது முந்நூற்றிநான்கு என்னும் சீட்டாட்டம். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறுஞ்சீட்டு. ஒரு சாதிக்கு 76. நான்கு சாதிக்கு 304. ராசாவையும் ராணியையும் ஜாக் வெல்லும் இந்த விந்தை ஒழுங்கை, சீட்டாட்ட ஆய்வாளர் ஐரோப்பாவின் 'யாஸ்' ஆட்டக் குடும்பத்தோடு உறவுபடுத்துவர். நம் பேச்சில் வழங்கும் கலாவரை, இஸ்கோப்பன் ஆகிய சீட்டுப் பெயர்கள் ஒல்லாந்துச் சொற்களின் வழிவந்தவை. கற்பிட்டியில் 1667 இல் கோட்டை கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர் கோட்டையைக் கல்லால் விட்டுச் சென்றனர். சீட்டின் பெயர்களை நம் நாவில் விட்டுச் சென்றனர். இவ்வாட்டத்துக்கு நாடு முழுதும் ஒப்புக்கொண்ட விதிநூல் இல்லை. கேள்வி எத்தொகையில் தொடங்குவது, துரும்பை மூடி வைப்பதா திறந்து வைப்பதா, கை மோசமானால் சீட்டைத் திரும்பப் போடலாமா என்பவை வீட்டுக்கு வீடு வேறுபடும். சம்பந்தி வீட்டில் முதன்முறை சீட்டுக்கு அமரும் மாப்பிள்ளை இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அமர்வது நல்லது.

பெண்கள் ஆடும் ஆட்டங்களில் இவ்வளவு மாநாடு தேவைப்படுவதில்லை. தாயத்தில், ஒரு காயையேனும் வெட்டாதவர் பழம் ஏறலாமா என்ற வினாவைப் பாட்டி ஒரு சொல்லில் தீர்த்துவிடுவார். பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து முத்தா, ஆறா என்பது கையிலிருக்கும் புளியங்கொட்டையின் தொகையைப் பொறுத்தது. சிறு பிள்ளை அழுதால் விதி அப்போதைக்கு மாறும். மறுநாள் பழையபடி திரும்பும். இந்நெகிழ்ச்சியை ஆண்கள் கற்றுக்கொள்ளலாம்.

விதியை வகுத்தவரே நேரில் வந்து சொன்னால் மக்கள் கேட்பார்களா? 2019 ஆம் ஆண்டு மே மாதத்தில் இதற்கு ஒரு வேடிக்கையான விடை கிடைத்தது. 'ஊனோ' என்னும் சீட்டாட்டம் நம் பிள்ளைகள் பலர் அறிந்ததே. எதிரி 'இரண்டு எடு' என்னும் சீட்டை இறக்கினால், நாமும் அதே சீட்டை அதன்மேல் இறக்கி, நான்கு சீட்டுகளை அடுத்தவர் தலையில் கட்டிவிடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அவ்வாட்டத்தை வெளியிடுவோர், இது விதியன்று. எடுக்க வேண்டியவர் எடுத்தே தீரவேண்டும். அவர் முறையும் கழிந்தது என்று பகிரங்கமாக அறிவித்தனர். அது புதிய விதியுமன்று. தொடக்கமுதல் தாளில் இருந்ததே. ஆயினும் உலகெங்கிலுமிருந்து ஆட்டக்காரர் வெகுண்டெழுந்தனர். உங்கள் ஆட்டத்தின் விதி உங்களுக்கே தெரியவில்லை என்று வெளியிட்டவரையே நையாண்டி செய்தனர்! இவ்வாட்டம் பிறந்த கதையும் இதற்குப் பொருத்தமானதே. அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் முடிதிருத்தும் தொழில் செய்த மேர்ல் றொபின்ஸ் என்பவர் 1971 இல் இதனை ஆக்கினார். வேறொரு சீட்டாட்டத்தின் விதி பற்றித் தம் மகனோடு எழுந்த வாக்குவாதமே காரணம் என்பர்.

இவ்வாறு சிரித்துவிட்டுப் போக முடியாத மாற்றங்களும் உண்டு. சதுரங்கத்தின் வரலாறு அதற்குச் சான்று. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில், அதுவரை மூலைவாட்டில் ஓரடி மட்டும் நகர்ந்த மந்திரிக்காய், ராணியெனப் பெயர்கொண்டு பலகை முழுதும் ஓடும் உரிமை பெற்றது. பழகியவர் திகைத்தனர். பிரான்சிலும் இத்தாலியிலும் இப்புதிய முறைக்கு 'வெறிபிடித்த ராணி ஆட்டம்' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். ஆயினும் 1497 இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் லூசேனா என்பவர் அச்சிட்ட நூலில் பழைய முறைப் புதிர்களும் புதிய முறைப் புதிர்களும் ஒருங்கே இடம்பெற்றன. வாசகர் இரு முறையினராகவும் இருப்பர் என்பதை உணர்ந்து இருவர்க்கும் உணவிட்ட அந்நூலாசிரியரை நாம் பாராட்டுகின்றோம்.

இந்தியாவிலோ சதுரங்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நாட்டு விதிகளிலேயே ஆடப்பட்டு வந்தது. காலாள் முதல் நகர்விலும் ஓரடியே வைக்கும். அரசனும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறும் கோட்டை கட்டல் இல்லை. அதற்கு ஈடாக அரசன் ஒருமுறை குதிரைபோற் பாயலாம். மறுகரை சேர்ந்த காலாள், தான் சேர்ந்த நிரைக்குரிய காயாகவே மாறும். இம்முறையில் தேர்ந்து 1928 இல் அகில இந்தியப் போட்டியில் வென்றவர் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். அடுத்த ஆண்டு அவர் லண்டன் சென்றபோது ஐரோப்பிய விதிகளைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. கற்ற ஆண்டிலேயே, 1929 இல், பிரித்தானியச் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1932 இலும் 1933 இலும் மீண்டும் வென்றார். முன்னாள் உலகச் சாம்பியன் கபபிளாங்காவை ஹேஸ்டிங்ஸ் போட்டியில் தோற்கடித்தார். ஆயினும் ஆட்டத் தொடக்கம் அவருக்கு இறுதிவரை மெலிந்த பகுதியாகவே இருந்தது. மெல்ல நகரும் காலாட்களோடு வளர்ந்தவர்க்கு, இரண்டடி பாயும் காலாட்களின் தொடக்க நூல்கள் அந்நிய மொழி. அவர் வலிமை நடு ஆட்டத்திலும் இறுதியாட்டத்திலும் இருந்தது. அவ்விடங்களில் பழைய பயிற்சியே அவருக்குக் கைகொடுத்தது. 1966 இல் அவர் மறைந்தார். சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024 இல்தான்.

அவருக்குப் பின் வந்த தலைமுறை விதிமாற்றத்தைத் தடையாகக் கொள்ளாது படிக்கல்லாகக் கொண்டது. தமிழ்நாட்டு ஆட்டக்காரர் மனுவேல் ஆரோன் 1961 இல் இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டரானார். சென்னையில் அவர் முன்னின்று நடத்திய தால் சதுரங்கக் கழகத்தில் சிறுவனாக ஆடிய விசுவநாதன் ஆனந்த், 1988 இல் இந்தியாவின் முதலாவது கிராண்ட்மாஸ்டராக உயர்ந்தார். நாட்டு விதியிலேயே நின்றிருந்தால் இது கூடியிருக்குமா என்று கேட்போர்க்கு நாம் எதிர்வாதம் செய்யப் போவதில்லை. ஆயினும் குதிரைபோற் பாயும் அந்த அரசனை இன்று எந்தச் சிறுவனும் அறியான் என்னும் குறையும் மெய்யே.

கரத்திலும் உலக அரங்கு நமக்கு எட்டாத இடமன்று. 1991 இல் டில்லியில் நடைபெற்ற முதலாவது உலகப் போட்டியிலும், 1995 இல் கொழும்பில் நடைபெற்ற போட்டியிலும் பட்டம் வென்றவர் சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம். 2012 இல் கொழும்பிலேயே நம் நாட்டவரான நிசாந்த பெர்னாண்டோ ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றார். இவர்கள் அனைவரும் வென்றது சர்வதேச விதியில்தான். கரையோரத்துச் சிறுவர் அந்த அரங்கை எட்ட வேண்டுமெனின் அந்த விதியைக் கற்றே ஆகவேண்டும். இதில் நமக்கு ஐயமில்லை.

கற்பிக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். போட்டி நாளன்று மேசையருகே நின்று "இது பிழை, அது பிழை" என்று கூறுவது கற்பித்தலன்று. பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் போட்டிக்கு இரண்டு மாதம் முன்னரேனும் விதித்தாளைத் தமிழில் எழுதிப் பலகை வைக்கப்பட்டிருக்கும் சுவரில் தொங்கவிடலாம். வாரத்தில் இரண்டு மாலை அவ்விதியிலும் எஞ்சிய மாலைகளில் ஊர்விதியிலும் ஆடலாம். இரண்டையும் பிரித்தறிய இளம் மனத்துக்கு அதிக நாள் செல்லாது. நடுவராக அமர, அவ்வூரின் பழைய நீதிமன்றமான பெரியவரையே அழைத்து விதித்தாளை முதலில் அவர் கையிற் கொடுக்கலாம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் எவரும் எந்த விதியையும் மாற்றலாகாது. ஒரு பலகை தொடங்கிவிட்டால், தவறான விதியாயினும், அப்பலகை முடியும்வரை அதுவே விதி.